பினாங்கு மழையைக் கடலில் பார்த்துப் படிப்பது எப்படி?

சில ஆண்டுகளுக்கு முன் தீபாவளி முடிந்த கையோடு தஞ்சாவூர்ப் பக்கமிருந்து ஒரு தம்பி பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக்கு வேலைக்கு வந்தார். எங்கள் அடுக்குமாடியில்தான் வீடு. வந்த சில நாளில் செய்தியில் "வடகிழக்குப் பருவக்காற்று தொடங்கிவிட்டது" என்று கேட்டதும் இரண்டு மழைச்சட்டை வாங்கினார், மோட்டாருக்கு உறை வாங்கினார், மார்கழி முழுக்க எங்கும் போவதில்லை என்று முடிவெடுத்தார். மார்கழியில் நல்ல வெயில் அடித்தது. தையில் தார்ச்சாலை கொதித்தது. அடுத்த புரட்டாசியில், உறையையும் சட்டையையும் பரணில் போட்டுவிட்ட பிறகு, விடிகாலை ஆறு மணிக்குத் தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் பினாங்குப் பாலத்தின் நடுவில் அவரைப் புயல்போல ஒரு காற்று பிடித்துக்கொண்டது. மோட்டாரை ஓரம் கட்டவும் இடமில்லாமல் நனைந்து நடுங்கி வந்து சேர்ந்தவர் கேட்டார்: "அண்ணே, இது என்ன பருவம்?"

அன்றைக்கு அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். பினாங்கில் மழையைப் புரிந்துகொள்ளப் பருவத்தின் பெயர் போதாது. கடலில் மேகம் எந்தப் பக்கம் நிற்கிறது, எந்த நேரத்தில் எழுகிறது என்று பார்க்கப் பழக வேண்டும். பழகுவதற்கு ஓர் ஆண்டு ஆகும். ஆனால் முதல் வாரத்திலேயே பலன் தெரியும்.

முதல் படி: ஊர்க் கணக்கை இறக்கி வையுங்கள்

தமிழ்நாட்டில் கொண்டல் என்றால் கீழைக்காற்று, மழையைக் கொண்டுவருகிற காற்று. அங்கே கடல் கிழக்கே இருக்கிறது. வடகிழக்குக் காற்று வங்கக்கடலைத் தடவி வந்து சோழமண்டலக் கரையில் மழையாகக் கொட்டுகிறது. நம் பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து மனத்தில் பதிந்த படம் அதுதான்.

பினாங்கில் அந்தப் படத்தைத் திருப்பிப் போட வேண்டும். இங்கே திறந்த கடல் மேற்கிலும் வடக்கிலும் இருக்கிறது. அது மலாக்கா நீரிணை, அதைத் தாண்டினால் சுமத்ரா. கிழக்கே தீபகற்பத்தின் முதுகெலும்பாகத் தித்திவங்சா மலைத்தொடர் நிற்கிறது. அதன் உச்சியான கோர்பு மலை 2,183 மீட்டர். வடகிழக்குக் காற்று தென்சீனக் கடலின் ஈரத்தை அள்ளி வந்து கிளந்தான், திரெங்கானு, பகாங் மாநிலங்களில் இறக்கிவிடுகிறது. மலையேறி இந்தப் பக்கம் இறங்கும்போது அந்தக் காற்றில் ஈரம் குறைந்துவிடும். அதனால்தான் கோத்தா பாருவில் வெள்ளம் என்று செய்தி வரும் அதே நாளில் என் அத்தை இங்கே மொட்டை மாடியில் வடகம் காயப் போடுவார்.

பாயான் லெப்பாஸ் வானிலை நிலையத்தின் நீண்டகாலச் சராசரியைப் பார்த்தால் இது எண்ணிலேயே தெரியும். ஆண்டு முழுவதும் சேர்த்துச் சுமார் 2,400 மில்லிமீட்டர் மழை. அதில் ஜனவரிக்கும் பிப்ரவரிக்கும் தலைக்குச் சுமார் 70 மில்லிமீட்டர்தான். செப்டம்பரும் அக்டோபரும் ஒவ்வொன்றும் 350 மில்லிமீட்டரை ஒட்டியோ தாண்டியோ பெய்பவை.

நம் மாதங்களை வைத்தே இதை நினைவில் கொள்ளலாம். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏறுகிற கூட்டம் வெயிலுக்கு அஞ்சுமே தவிர மழைக்கு அஞ்சாது. வழியெல்லாம் தண்ணீர்ப்பந்தல் வைப்பது வெறும் சடங்கு இல்லை, உண்மையிலேயே நாக்கு வறளும். சித்திரை பிறந்ததும் பிற்பகல் இடிமழை தொடங்கும். இது முதல் பருவமாற்றக் காலம். மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. ஆனி ஆடியில் மழை மிதமாக இருக்கும், ஆனால் விடிகாலையில் திடீரென்று வந்து அடிக்கும். சில ஆண்டுகளில் புகைமூட்டமும் சேர்ந்துகொள்ளும். ஆவணிக்குப் பிறகு மழை கனக்கிறது. புரட்டாசியும் ஐப்பசியும்தான் உச்சம். கார்த்திகையில் தணியத் தொடங்கி மார்கழியில் பெரும்பாலும் விட்டுவிடும்.

ஐப்பசி அடைமழை என்று இரண்டு ஊரிலும் சொல்லலாம், காரணம் மட்டும் வேறு. அங்கே வடகிழக்குக் காற்று தொடங்குவதால் பெய்கிறது. இங்கே அந்தக் காற்று தொடங்குவதற்கு முன்னாலேயே பெய்துவிடுகிறது. சூரியன் தெற்கே நகரும்போது நிலநடுக்கோட்டை ஒட்டிய மழைப்பட்டையும் அதன் பின்னால் தெற்கே இறங்குகிறது. அது நம் தலைக்கு மேல் கடந்துபோகும் நாட்கள்தான் புரட்டாசி, ஐப்பசி. அப்போது காற்று தளர்ந்து திசை மாறி மாறி வீசும். மேகம் எழுந்தால் எழுந்த இடத்திலேயே நின்று கொட்டும்.

இரண்டாம் படி: நீரிணைக்கு ஒரு கடிகாரம் இருக்கிறது

மலாக்கா நீரிணையின் மேல்தண்ணீர் ஆண்டு முழுவதும் 28 முதல் 30 பாகை செல்சியஸ் வரை வெதுவெதுப்பாகவே இருக்கும். வெப்பமண்டலக் கடலில் சுமார் 27, 28 பாகையைத் தாண்டினாலே பெரிய இடிமேகம் வளர ஏற்ற நிலை வந்துவிடுகிறது. ஆக, அடுப்பு எப்போதும் எரிந்துகொண்டேதான் இருக்கிறது. காற்றை மேலே தூக்கிவிட ஒரு கை வேண்டும், அவ்வளவுதான்.

அந்தக் கை பகலில் ஒரு பக்கம், இரவில் ஒரு பக்கம். பகலில் நிலம் கடலைவிடச் சீக்கிரம் சூடாகிறது. கடற்காற்று இரு கரைகளையும் நோக்கி வீசி, உள்நாட்டு மலைகளில் மேகத்தைக் கட்டுகிறது. நீரிணையின் நடுவே வானம் வெளுத்துக் கிடக்கும். இரவில் இது தலைகீழாகும். குளிர்ந்த நிலத்திலிருந்து காற்று கடலை நோக்கி இறங்கும். சுமத்ராவின் பாரிசான் மலைச்சரிவிலிருந்து ஒரு காற்று, நம் தீபகற்பத்திலிருந்து ஒரு காற்று. இரண்டும் நீரிணையில் முட்டிக்கொள்கின்றன. முட்டிய இடத்தில் ஈரக்காற்றுக்கு மேலே போவதைத் தவிர வழியில்லை. நள்ளிரவு தாண்டியதும் கடல்மேல் மேகம் கொதிக்கத் தொடங்கி, விடிகாலையில் உச்சத்துக்கு வரும்.

பகலில் மலைமேல் மேகம், பின்னிரவில் கடல்மேல் மேகம். இந்த ஒன்றை மனத்தில் பதித்துக்கொண்டாலே பினாங்கு மழையில் பாதி புரிந்துவிடும். மீதிப் பாதி, மேலே வீசும் பருவக்காற்று அந்த மேகத்தை எந்தப் பக்கம் தள்ளுகிறது என்பது. தென்மேற்குக் காற்றுக் காலத்தில் கடல்மேகம் நம்மை நோக்கி வரும். வடகிழக்குக் காற்றுக் காலத்தில் அதே மேகம் சுமத்ரா பக்கம் ஒதுங்கிவிடும். கடலில் எழும் மேகத்துக்கும் பருவமழைக்கும் உள்ள உறவை நான் சொல்லிக்கொடுக்கும்போது இங்கிருந்துதான் தொடங்குவேன்.

மூன்றாம் படி: முதல் நாள் இரவே மேற்கைப் பாருங்கள்

நமக்கு அதிகம் தொல்லை தருவது சுமத்ரா காற்று. மலாய்க்காரர்களும் பழைய மாலுமிகளும் 'சுமத்ரா' என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுவார்கள். இடிமேகங்கள் ஒரு வரிசையாகச் சேர்ந்து, சுவர்போல நீரிணையைக் கடந்து வருவது அது. ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை எதிர்பார்க்கலாம். வந்தால் 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசும், அதன் பின்னாலேயே கனமழை.

இதை முன்கூட்டியே கண்ணால் பார்க்க முடியும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. கடற்கரையில் நிற்பவர் கண்ணுக்கு அடிவானம் நாலைந்து கிலோமீட்டர் தூரம்தான். ஆனால் வெப்பமண்டல இடிமேகம் 15 கிலோமீட்டருக்கு மேல் உயர்கிறது. பூமியின் வளைவைக் கணக்கில் எடுத்தாலும், தடையில்லாத தெளிந்த வானத்தில் அதன் தலை 400 கிலோமீட்டர் தூரத்திலிருந்தும் தெரியும். மேடான் நகரம் இங்கிருந்து சுமார் 250 கிலோமீட்டர்தான். அதாவது கெர்த்தாக் சங்குல் கடற்கரையில் மாலை ஏழரை மணிக்கு நின்றுகொண்டு, சுமத்ரா மேல் நிற்கும் மேகத்தின் தலையை நீங்கள் பார்க்கிறீர்கள். சூரியன் மறைந்த பிறகும் அந்தத் தலை மட்டும் இளஞ்சிவப்பாக ஒளிரும். முதல் தடவை இதைப் புரிந்துகொண்டு பார்த்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. இன்னொரு நாட்டின் மழையை நம் ஊர் மணலில் நின்று பார்ப்பது சின்ன விஷயமா?

பார்க்க நல்ல இடங்கள்: தீவின் தென்மேற்கில் கெர்த்தாக் சங்குல், தெலுக் கும்பார். வடக்கில் பத்து ஃபிரிங்கி, தெலுக் பஹாங். கெர்னி கடற்கரைச் சாலை வடக்குப் பக்கம் பார்த்திருப்பதால் அங்கிருந்து கெடா கரையும் ஜெராய் மலையும் தெரியும், மேற்கு தெரியாது. அடுக்குமாடியின் மேல்தளத்தில் மேற்குப் பார்த்த நடைபாதை இருந்தால் அதுவே போதும்.

இரவு பத்து மணி வாக்கில் ஒருமுறை மேற்கைப் பாருங்கள். சத்தமே இல்லாமல் மின்னல் வெட்டிக்கொண்டிருக்கிறதா? இடியோசை பதினைந்து, இருபது கிலோமீட்டருக்கு மேல் கேட்காது. சத்தமில்லா மின்னல் என்றால் மேகம் தூரத்தில் இருக்கிறது என்று பொருள். இடிவரிசை மணிக்கு 30 முதல் 50 கிலோமீட்டர் வேகத்தில் நகரும். சுமத்ராக் கரையில் இரவு பத்து மணிக்கு எழுந்தால் இங்கே வந்து சேர விடிகாலை ஆகும். எல்லா மின்னலும் வந்து சேராது. பாதி வழியிலேயே கலைந்துபோவதும் உண்டு. ஆனால் அந்த மின்னலைப் பார்த்த இரவில் மழைச்சட்டையை மோட்டாரில் வைத்துவிட்டுத் தூங்குவது நல்லது.

விடிகாலையில் மேற்கு இருட்டாக இருப்பது இயல்பு, கிழக்குதானே முதலில் வெளுக்கும். எனவே இருட்டைப் பார்க்காதீர்கள், விளிம்பைப் பாருங்கள். சுருட்டிய பாயை அடிவானத்தில் கிடத்தி வைத்ததுபோல, கீழ்ப்பக்கம் வெட்டினாற்போன்ற ஒரு கரும்பட்டை தெரிந்தால் அது மேகவரிசையின் முன்முனை. அதற்கு முன்னால் காற்று செத்துப்போகும். புழுக்கம் பிடிக்கும். இலை அசையாது. பிறகு மேற்கிலிருந்து சட்டென்று ஒரு குளிர்காற்று முகத்தில் அடிக்கும். மழை இறங்கும்போது கூடவே இறங்கித் தரையில் பட்டு முன்னால் ஓடிவரும் காற்று அது. அது பட்டதும் உங்களுக்குக் கிடைப்பது ஐந்து, பத்து நிமிடம்தான். கடலில் வெள்ளை அலைமுடிகள் தெரிய ஆரம்பித்தால் அந்த நேரமும் இல்லை.

பெருநிலத்தில் பட்டர்வொர்த் பக்கம் இருப்பவர்களுக்குத் தீவு மேற்கை மறைத்துவிடும். அவர்களுக்கு நல்ல அடையாளம் கொடிமலை. அது 833 மீட்டர் உயரம். அதன் உச்சியில் மேகம் உட்கார்ந்திருப்பது தினமும் நடப்பதுதான், அதற்குப் பொருள் இல்லை. மலையே அடிவரை வெள்ளைத் திரைக்குப் பின்னால் மறைந்துபோனால் தீவில் மழை இறங்கிவிட்டது, அடுத்தது நீங்கள். அந்த நேரத்தில் மோட்டாரில் பாலம் ஏறாதீர்கள். 13.5 கிலோமீட்டர் நீளப் பாலத்தில் பெரும்பகுதி திறந்த கடலுக்கு மேலே இருக்கிறது, பக்கக்காற்று வண்டியைத் தள்ளும். முக்கால் மணி நேரம் காத்திருந்தால் காற்று போய்விடும். அதன் பிறகு இரண்டு மணி நேரம்வரைகூட மந்தமான தூறல் நீளும், அதில் போவதில் ஆபத்து குறைவு. வேலைக்குத் தாமதம் என்று திட்டு வாங்குவது பரவாயில்லை. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. பாலத்தில் அந்தக் காற்றில் விழுந்து எழுந்த ஆள் நான். தோளில் வைத்த உலோகத் தட்டு இன்னும் உள்ளே இருக்கிறது.

நான்காம் படி: பிற்பகல் மேகம்

இது சுலபம். சித்திரை, வைகாசியிலும் ஐப்பசியிலும் காலை பத்து மணிக்கே மலைமேல் காலிஃப்ளவர்போல வெள்ளை மேகம் குமிழ் குமிழாக எழுந்தால், பிற்பகல் மூன்று மணிக்கு இடிமழை உறுதி என்றே வைத்துக்கொள்ளலாம். உச்சி தட்டையாகப் பரவிவிட்டால் மேகம் முதிர்ந்துவிட்டது என்று அர்த்தம். மின்னலுக்கும் இடிக்கும் இடையே நொடிகளை எண்ணி மூன்றால் வகுத்தால் கிலோமீட்டர் கணக்கு கிடைக்கும். ஆனால் இடி காதில் விழுந்தாலே திடலை விட்டு உள்ளே போய்விடுங்கள். மலேசியா மின்னல் மிக அதிகமாக வெட்டும் நாடுகளில் ஒன்று.

ஐந்தாம் படி: வானத்திலிருந்து பார்க்கும் கண்

இனி கைபேசிக்கு வருவோம். ஜப்பானின் ஹிமாவாரி செயற்கைக்கோள் நம் பக்கத்து வானத்தைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை படம் எடுக்கிறது. 2022 டிசம்பரிலிருந்து ஹிமாவாரி-9 இந்தப் பணியைச் செய்கிறது. படங்களை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். மெட் மலேசியா என்று நாம் சொல்லும் மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் இணையத்தளத்திலும் மைசுவாச்சா செயலியிலும் செயற்கைக்கோள் படமும் ராடார் படமும் கிடைக்கும்.

புதியவர்கள் செய்யும் தவறு, வெள்ளையாகத் தெரிவதெல்லாம் மழை என்று நினைப்பது. அகச்சிவப்புப் படத்தில் வெள்ளை என்றால் குளிர் என்று பொருள். மேகத்தின் தலை எவ்வளவு உயரமோ அவ்வளவு குளிர். 15 கிலோமீட்டர் உயரத்தில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 70 பாகைக்கும் போய்விடும். ஆனால் பழைய இடிமேகம் கலைந்த பின் மிஞ்சும் மெல்லிய பஞ்சுத் திரையும் அதே உயரத்தில் குளிர்ந்து வெள்ளையாகத்தான் தெரியும். அதிலிருந்து ஒரு சொட்டும் விழாது. இரண்டையும் பிரித்தறிய விளிம்பைப் பாருங்கள். வளரும் இடிமேகத்துக்கு ஒரு பக்கமாவது கூரான, தெளிவான விளிம்பு இருக்கும். கலையும் மேகம் நார் நாராகப் பிரியும். படத்தை ஓடவிட்டுப் பார்த்தால் இன்னும் தெளிவு. வெள்ளைப் புள்ளி அரை மணி நேரத்தில் இரண்டு மடங்கானால் அது உயிருள்ள மேகம். அப்புறம் ராடாரைத் திறந்து, அந்த இடத்தில் உண்மையிலேயே மழை விழுகிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

அறிவியலாளர்கள் பருவ அளவில் மழையைக் கணக்கிடவும் இதே குளிர்ச்சியைத்தான் பயன்படுத்துகிறார்கள். பூமி வானத்துக்குத் திருப்பி அனுப்பும் வெப்பக்கதிரைச் செயற்கைக்கோள்கள் 1970களிலிருந்து அளந்துவருகின்றன. தெளிந்த வானமுள்ள வெப்பமண்டலக் கடலில் ஒரு சதுர மீட்டருக்கு 280, 290 வாட் என்று வெளியேறும். மேலே உயர்ந்த இடிமேகம் நின்றால் அது அந்த வெப்பத்தை மறித்துவிடும், அளவு 220க்கும் கீழே இறங்கும். மழைமானி வைக்க முடியாத நடுக்கடலில் எங்கே பெரிய மேகம் நின்றது, எத்தனை நாள் நின்றது என்பதை உலகம் தெரிந்துகொள்ளும் வழிகளில் இது முக்கியமானது.

ஆறாம் படி: இரண்டு வாரம் முன்னால் பார்ப்பது

ஒரு வாரம் முழுக்க மழை, அடுத்த இரண்டு வாரம் வறட்சி என்று மாறி மாறி வருவதைக் கவனித்திருப்பீர்கள். இதற்குப் பின்னால் பெரும்பாலும் இந்தியப் பெருங்கடலிலிருந்து கிழக்கு நோக்கி ஊர்ந்துவரும் ஒரு பெரிய மேகக்கூட்டம் இருக்கிறது. 1971இல் ரோலண்ட் மேடன், பால் ஜூலியன் என்ற இருவர் இதைக் கண்டறிந்து எழுதினார்கள். அவர்கள் பெயராலேயே மேடன்-ஜூலியன் அலைவு என்கிறார்கள். 30 முதல் 60 நாளைக்கு ஒருமுறை சுற்றி வரும். நாளொன்றுக்குச் சுமார் 400 கிலோமீட்டர் நகரும். இலங்கைக்குத் தெற்கே மேகம் திரண்டிருப்பதைப் பார்த்தால், ஐந்தாறு நாளில் அது நம் நீரிணையை எட்டும் என்று கணக்குப் போடலாம்.

ஆஸ்திரேலிய வானிலை மையம் இதற்கென்று ஒரு வட்டப்படம் வெளியிடுகிறது. எட்டுப் பகுதிகளாகப் பிரித்த கட்டத்துக்குள் ஒரு கோடு சுழன்றுகொண்டிருக்கும். கோடு நடு வட்டத்துக்குள் சுருண்டு கிடந்தால் அலைவு பலவீனம், அந்த வாரம் அதை விட்டுவிடுங்கள். வட்டத்துக்கு வெளியே வந்து இரண்டு, மூன்றாம் பகுதியில் இருந்தால் மேகக்கூட்டம் இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது, நம் பக்கம் ஈரம் ஏறத் தொடங்கும். நான்கை நெருங்கும்போது நம் தலைக்கு மேல். ஆறு, ஏழுக்குப் போய்விட்டால் அது பசிபிக் பக்கம் போய்விட்டது, இங்கே பெரும்பாலும் வானம் வெளுக்கும். திறந்தவெளியில் கல்யாணப் பந்தல் போட நாள் குறித்தவர்கள் என்னிடம் கேட்டால் முதலில் இந்தப் படத்தைத்தான் திறப்பேன். ஐப்பசியில் கோடு மூன்றில் நின்றால் மண்டபத்துக்கு மாற்றிக்கொள்ளச் சொல்வேன்.

ஏழாம் படி: தூரத்துப் புயலும் நம் வானமும்

"பினாங்குக்குப் புயல் வராது, சுமத்ரா காப்பாற்றும்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். நானும் அப்படி நம்பி வளர்ந்தவன்தான். அது முழு உண்மை இல்லை.

நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு அருகில் பூமியின் சுழற்சி காற்றைத் திருப்பும் விசை குறைவு. அதனால் சூறாவளி இங்கே சுழன்று உருவாவது அரிது. அரிது என்றால் இல்லை என்று அர்த்தமாகாது. 2001 டிசம்பர் 27ஆம் நாள் வாமேய் சூறாவளி நிலநடுக்கோட்டிலிருந்து ஒன்றரைப் பாகைகூட விலகாத இடத்தில் உருவாகி ஜொகூரில் கரையேறியது. 2025 நவம்பர் கடைசியில் சென்யார் புயல் மலாக்கா நீரிணைக்குள்ளேயே பிறந்தது. சுமத்ராவில் வெள்ளமும் நிலச்சரிவுமாகப் பல நூறு உயிர்களைக் கொண்டுபோய்விட்டு, பிறகு தீபகற்பத்தின் பக்கம் திரும்பியது. நம் வீட்டு வாசல் கடல் அது. அந்த வாரம் முழுக்க மேற்கைப் பார்க்கவே மனம் கூசியது.

புயல் நேரடியாக வராவிட்டாலும் அதன் இழுப்பு வரும். வியட்நாம் பக்கமோ தாய்லாந்து வளைகுடாவிலோ தாழ்வழுத்தம் நின்றால் அது சுற்றுப்புறக் காற்றைத் தன்னை நோக்கி இழுக்கிறது. நமக்கு மேற்குக்காற்றாக, இந்தியப் பெருங்கடல் ஈரத்தோடு அது கடந்துபோகும். கடந்துபோகும் வழியில் கொடிமலையும் கெடா மலைகளும் நிற்கின்றன. 2017 நவம்பர் 4ஆம் நாள் டாம்ரி சூறாவளி வியட்நாமில் கரையேறியது. அன்று மாலை தொடங்கிய மழை விடிய விடிய நிற்காமல் பினாங்கை மூழ்கடித்தது. வடதீபகற்பத்தை ஒட்டியும் தாழ்வழுத்தம் இருந்தது. மரங்கள் வேரோடு சாய்ந்தன. ஏழு பேர் இறந்தார்கள். அதற்கு ஏழு வாரத்துக்கு முன், செப்டம்பர் 15ஆம் நாளும் ஊர் வெள்ளத்தில் கிடந்தது.

நமக்கும் தமிழ்நாட்டுக்கும் இடையே இதில் ஓர் இழை ஓடுகிறது. 2018 நவம்பரில் தாய்லாந்து வளைகுடாவில் தோன்றிய ஒரு தாழ்வு, நமக்கு வடக்கே தீபகற்பத்தைக் கடந்து அந்தமான் கடலில் இறங்கி, வங்கக்கடலில் வளர்ந்து, 16ஆம் நாள் வேதாரண்யம் அருகே கஜா புயலாகக் கரையேறியது. தஞ்சாவூர்த் தென்னைகளைச் சாய்த்த காற்றின் விதை இங்கே பக்கத்தில் கிடந்தது. நான் சொன்ன தம்பி இதைக் கேட்டுவிட்டு வெகுநேரம் பேசவில்லை. அவர் வீட்டுத் தோப்பும் அதில் போனதுதான்.

ஆகவே ஐப்பசி முதல் மார்கழி வரை ஒரு பழக்கம் வையுங்கள். வாரம் இருமுறை தென்சீனக் கடலையும் தாய்லாந்து வளைகுடாவையும் செயற்கைக்கோள் படத்தில் பாருங்கள். அங்கே மேகம் வட்டமாகச் சுழல ஆரம்பித்து, இங்கே காற்று வழக்கத்துக்கு மாறாக மேற்கிலிருந்து விடாமல் வீசினால், வெயில் காலம் வந்துவிட்டது என்ற எண்ணத்தைத் தள்ளிவையுங்கள்.

எட்டாம் படி: ஆண்டுக் கணக்கு

எல் நினோ, லா நினா என்று செய்தியில் கேட்டிருப்பீர்கள். நடுப் பசிபிக்கும் கிழக்குப் பசிபிக்கும் வழக்கத்தைவிடச் சூடானால் எல் நினோ. மேகம் கூடும் இடம் கிழக்கே நகர்ந்துவிடும், நம் வட்டாரம் காயும். 1998 ஏப்ரல் 9ஆம் நாள் பெர்லிஸ் மாநிலத்தின் சுப்பிங்கில் 40.1 பாகை பதிவானது அப்படிப்பட்ட ஓர் எல் நினோவின் கடைசியில்தான். லா நினா ஆண்டில் நம் பக்கம் ஈரம் கூடும். இந்தியப் பெருங்கடலிலும் இதுபோல ஓர் ஏற்றத்தாழ்வு உண்டு. சுமத்ராவின் மேற்குக் கரையை ஒட்டிய கடல் குளிர்ந்தால் நமக்கு மழை குறைய வாய்ப்பு, சூடானால் கூட வாய்ப்பு. புதியவர்களுக்கு இவ்வளவு போதும். இது ஆண்டின் போக்கைச் சொல்லுமே தவிர நாளைக் காலையைச் சொல்லாது.

ஒன்பதாம் படி: எச்சரிக்கை வாசகங்களைப் படிப்பது

எச்சரிக்கைகள் பெரும்பாலும் மலாயில் வரும். சில சொற்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். ரிபுட் பெத்திர் என்றால் இடிமழை. இந்த எச்சரிக்கை ஆறு மணி நேரத்துக்கு மேல் நீளாது, ஆகவே அது வந்தால் இப்போதைக்கு என்று பொருள். ஹுஜான் லெபாட் கனமழை. பஞ்சிர் கிலாட் திடீர் வெள்ளம். லாவுட் பெர்கெலோரா கடல் கொந்தளிப்பு. தொடர்மழை எச்சரிக்கைக்கு மூன்று படி: வஸ்படா மஞ்சள், புரூக் ஆரஞ்சு, பஹாயா சிவப்பு. ஆற்று நீர்மட்டத்தை நீர்ப்பாசன வடிகால் துறையின் பப்ளிக் இன்ஃபோ பஞ்சிர் தளத்தில் பார்க்கலாம்.

அதோடு ஆயர் பாசாங் என்னும் கடல் ஏற்றத்தையும் பாருங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றம் பெரிதாக இருக்கும். அந்த நேரத்தில் மேலே ஆயர் ஈத்தாமில் கனமழை பெய்தால் பினாங்கு ஆற்றுத் தண்ணீர் கடலுக்குள் இறங்க முடியாமல் பின்வாங்கி, தாழ்வான தெருக்களில் ஏறும். தீபாவளியே அமாவாசையை ஒட்டித்தான் வருகிறது, அதுவும் ஐப்பசியில். அந்த வாரம் தாழ்வான இடத்தில் காரை நிறுத்திவிட்டு ஊருக்குப் போகாதீர்கள்.

பத்தாம் படி: ஒரு நோட்டு போடுங்கள்

பள்ளிக்கூட நோட்டு ஒன்று போதும். நாளுக்கு ஒரு வரி. இரவு மேற்கில் மின்னல் இருந்ததா, காலையில் விளிம்பு தெரிந்ததா, காற்று எந்தப் பக்கம், மழை எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு விட்டது. முடிந்தால் ஒரு நேர்ச்சுவர்க் குவளையைத் திறந்த இடத்தில் வைத்து அளவுகோலால் மில்லிமீட்டரையும் எழுதுங்கள். வாரக் கடைசியில் அந்த எட்டுப் பகுதிப் படத்தில் கோடு எங்கே நிற்கிறது என்று ஓர் எண். மூன்று மாதம் எழுதினாலே உங்கள் வீட்டுக்கென்று ஒரு கணக்கு பிடிபடும். ஜெலுத்தோங்கில் இருப்பவர் கணக்கும் பாலிக் பூலாவில் இருப்பவர் கணக்கும் ஒன்றாக இருக்காது, நடுவே மலை நிற்கிறது.

தஞ்சாவூர்த் தம்பி இப்போது நான்காம் நோட்டில் இருக்கிறார். போன புரட்டாசியில் அவர் காட்டிய ஒரு பக்கத்தில் இருந்தது இது: "இரவு 10.40, மேற்கே சத்தமில்லா மின்னல், அடிக்கடி. காலை 5.15, கரும்பட்டை. 5.50, குளிர்காற்று. 6 முதல் 6.45 வரை கொட்டியது, குவளையில் 31. பாலம் ஏறவில்லை. 7.20க்குக் கிளம்பினேன்."